காலி அறைக்கு ஆக்சிஜன்

வடகடலில் கப்பல் நின்றிருந்தது. முக்குளிப்பவர்கள் மூவரும் இரும்புக் கூண்டில் கடலடிக்கு இறங்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் அவர்கள் தங்கும் அழுத்த அறை, கப்பலில் காலியாகப் பூட்டிக் கிடந்தது. அதிலுள்ள ஹீலியத்தையும் ஆக்சிஜனையும் கவனித்து, குறைந்ததை நிரப்புவது குன்வோரின் வேலை.

காலி அறையில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்தது.

"கசியுதா?" என்றார் மேற்பார்வையாளர் ஒட்பியோர்ன்.

"கசிஞ்சா ஹீலியமும்ல போகணும்? ஆக்சிஜன் மட்டும்தான் போகுது. கரியமில வாயு வேற ஏறுது."

அது பேச்சுக் கம்பி வழியாக, கடலடியில் இருந்த மூவரில் ஒருவனான ரூனெவுக்கும் கேட்டது. ஹீலியத்தில் எல்லோர் குரலும் வாத்துக் குரல்தான். "யாரை உள்ள ஒளிச்சு வச்சிருக்கே, குன்வோர்? என் படுக்கையில மட்டும் படுக்க விடாதே!"

ஒட்பியோர்ன் சிரிக்கவில்லை. ஆக்சிஜன் குறைந்த வேகம், தூங்கும் ஒரு மனிதன் மூச்சுவிடும் வேகம். போன வசந்தத்தில் குன்வோரின் கணவன் சிக்வே இதே கூண்டில் இறங்கினான். அவனுக்குக் காற்று கொண்டுபோன ரப்பர் குழாய் மட்டும்தான் மேலே வந்தது.

"ஆளில்லாத அறைக்கு ஆக்சிஜன் எதுக்கு? மூடிடு."

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே."

"மூடும்மா."

அவள் வால்வை மூடினாள்.

மீட்டரில் எண் இறங்கியது. பிறகு இறங்கும் வேகம் தணிந்தது. இன்னும் தணிந்தது. ஆக்சிஜன் வரத்து நின்றால் பதறக்கூடாது, அசையாமல் படுத்து, மெதுவாக மூச்சுவிட்டபடி காத்திருக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் திறந்துவிடுவார்கள் என்றுதான் முக்குளிப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிறார்கள்.

குன்வோரின் கை இன்னும் வால்வின் மேல்தான் இருந்தது.