காருக்குள் இருந்த பெண்

ஜப்பானில் எட்டு வருடம் ஓடிவிட்டு மூன்று வருடத்துக்கு முன் எங்களிடம் வந்த ரொயோட்டா காருக்குள் ஒரு பெண்குரல் இருந்தது. சாவியைத் திருப்பியதும் அது தன் மொழியில் எதையோ மெதுவாகச் சொல்லும். என் கணவர் குணநாயகம், "ஓமம்மா, ஓம்" என்பார். இருபது வருடத்தில் என்னிடம் அவர் அப்படிக் குழைந்ததில்லை.

"அவளுக்கு மட்டும் மறுமொழி சொல்லுறியள்," என்றேன் ஒருநாள்.

"அவள் உன்னை மாதிரிக் குறை சொல்லுறேல்லை."

அந்தச் சொல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அடுத்த கிழமை ஒயில் மாற்றக் காரைக் கொண்டுபோனபோது, ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்த கராஜ்காரர் லோகேந்திரனிடம், அவள் என்னதான் சொல்கிறாள் என்று கேட்டேன்.

"அட்டை போடேல்லையாம் அக்கா. அங்கத்தைய பெரிய ரோட்டுகளில போறதுக்குக் காசு கட்ட, காருக்குள்ள போடுற ஒரு அட்டை இருக்கு. அதைப் போடுமட்டும் ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பா. வயரைக் கழட்டிவிடவோ?"

நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருடமாக ஒரே குறை. ஒருநாளும் அவள் குரல் உயர்ந்ததில்லை.

"கழட்டுங்கோ," என்றேன்.

மறுநாள் காலை அவர் சாவியைத் திருப்பினார். "ஓமம்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு டாஷ்போர்டைப் பார்த்தார். பிறகு பக்கத்து சீற்றில் இருந்த என்னைப் பார்த்தார். குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பத்தாவது தடவையாக அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. நேரே தெருவைப் பார்த்தபடி, அவசரமே இல்லாத ஒரு குரலில் அதைச் சொல்லிவிட்டு, மறுமொழிக்காகக் காத்திருந்தேன்.