திருப்பி அனுப்பிய கட்டங்கள்

"இந்த நம்பரை பிளாக் பண்ணிவிடும்மா. இனிமே ஜென்மத்துக்கும் வரக்கூடாது."

நடவு வயலிலிருந்து காலைக்கூடக் கழுவாமல் வந்து, பழைய போனை நீட்டினார் நடராசன். திருவாரூர் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஃபஹ்மிதா நம்பரைப் பார்த்தாள்.

"மாமா, இது உங்க கொரியாக்கார மருமக நம்பராச்சே?"

"மருமகளாம் மருமக! தினம் விடிஞ்சா வெறும் கட்டம் கட்டமா அனுப்புறா. ஒரு எழுத்து கிடையாது. என்னைப் பார்த்தா அவளுக்குக் கேலியா இருக்கு போல."

மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேசுவது டிவி மட்டும்தான். கொரியாவில் வேலை பார்க்கும் மகன் சூர்யபிரகாஷ் எப்போதாவது கூப்பிடுவான். அவனிடம் இதைக் கேட்க ரோஷம் விடவில்லை. தனியாக உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிற மனுஷனுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தால் வயிறு எரியாதா?

"நானும் சும்மா விடல. அதே கட்டத்தை அவளுக்கே திருப்பி அனுப்பிடுவேன், நீயே வச்சுக்கன்னு! அதுக்கும் வெக்கமில்லாம இன்னும் நீளமா கட்டம் வரும். அதை நான் பாக்குறதே இல்ல."

ஃபஹ்மிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது கட்டமில்ல மாமா, கொரிய எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் உண்டு. போன்ல போறதும் வர்றதும் அந்த நம்பர்தான். உங்க பழைய போனுக்கு அந்த எழுத்தோட உருவம் தெரியல, அதான் கட்டம் போட்டுக் காட்டுது."

கட்டங்களைத் தன் போனுக்கு அனுப்பினாள். குட்டிக் குட்டி வட்டமும் கோடுமாக எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. தமிழில் மாற்றினாள்.

"'சாப்பிட்டாச்சா?'ன்னு கேக்குறாங்க மாமா. தினமும் இதேதான்."

நடராசன் அவள் போனை எட்டிப் பார்த்தார். அவரை அப்படி ஒருவர் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

"அப்ப... நான் திருப்பி அனுப்புனது?"

"அதுவும் 'சாப்பிட்டாச்சா'தான். உங்களுக்குத்தான் கட்டம். அங்க எழுத்தாத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்."

"அந்த நீளமான கட்டத்தையும் பாரும்மா."

ஃபஹ்மிதா மெதுவாகப் படித்தாள்.

"'சாப்பிட்டேன் அப்பா. எனக்காக எங்க மொழியையே கத்துக்கிட்டீங்களே! அவர் வேலைக்குப் போயிட்டா வீட்டுல நான் மட்டும்தான். எங்கம்மா இறந்த பிறகு, என்னைச் சாப்பிட்டாச்சான்னு கேக்குறது நீங்க ஒருத்தர்தான்.'"