அம்பு பார்க்கும் திசை

உதிரிபாகக் கடை வாசலில், செங்கல் சுமக்கிறவளும் புருஷனும் பழைய பைக்கின் முன் குந்தியிருக்கிறார்கள். ஆறு மாதமாக மேடு கண்டால் நின்றுவிடும் வண்டி. இன்றும் சரியாகாவிட்டால் பழைய இரும்புக்குத்தான். டேங்கிலிருந்து பெட்ரோல் வரும், வெடிப்பு விட்ட கறுப்பு டியூபுக்குப் பதிலாக, உள்ளே ஓடுவது தெரிகிற வெள்ளை டியூபை அவளே பொறுக்கி எடுத்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்துத் தருகிறாள். அவன் டியூபின் நடுவே புது பெட்ரோல் ஃபில்டரை மாட்டுகிறான். அதன் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியை அவள் குனிந்து பார்க்கிறாள்.

"யோவ், அம்பு இஞ்சினைப் பாக்கணும். நீ டேங்கைப் பாக்க வச்சிருக்க. ஆறு மாசம் முன்னாடி மாட்டினப்பவும் இப்படித்தானா?"

அவன் தலையைச் சொறிகிறான். "வண்டியை எம்புட்டுத் திட்டினேன்."

"வண்டியை மட்டுமா? நான் கனமா இருக்கேன்னும் சொன்ன."

கடைக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவன் ஃபில்டரைத் திருப்பி மாட்டியதும் வெள்ளை டியூபுக்குள் வெயிலில் மின்னிக்கொண்டு பெட்ரோல் இறங்குகிறது. மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொள்கிறது. அவள் பின்னால் ஏறி, அவன் முதுகில் ஓர் அறை வைக்கிறாள்.

"மேட்டு வழியாவே போய்யா."