சுவரில் ஒட்டிய உத்தரவு

மாடிப்படியில் சறுக்கி, வலது தோள்மூட்டு நழுவிப்போய்க் கட்டிலில் கிடந்தவர் கத்தித் தீர்த்தார்.

“அந்த மயக்க ஊசியை நீங்களே போட்டுத் தொலைங்க சிஸ்டர்!”

“மயக்க டாக்டர்தான் போடணும் சார். வெளியிலேருந்து ஒருத்தர் கிளம்பிட்டார், அரை மணியில வந்துடுவார்” என்றாள் நர்ஸ், அவர் நெற்றியைத் துடைத்தபடி.

“அரை மணியா? இருபது வருஷமா பக்கத்துல நின்னு பாக்கறீங்க. உங்களுக்குத் தெரியாத அளவா?”

“தெரியும். ஆனா நான் போட்டா சட்டப்படி தப்பு. வேலை போயிடும்.”

“யாருக்குத் தெரியப் போகுது? நான் மூச்சு விடமாட்டேன்.”

“நீங்க மூச்சு விடாமப் போயிடக் கூடாதுன்னுதான் சார் அந்தச் சட்டமே!”

“சட்டமாம் சட்டம்! ‘நர்ஸ் மயக்க ஊசி போடக் கூடாது’ன்னு சுவத்துல ஒட்டியிருக்கிற அந்த உத்தரவை முதல்ல கிழிச்சுப் போடுங்க!”

“ஐயையோ! அதுல கையெழுத்துப் போட்டவர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்.”

“ஒண்ணும் சொல்லமாட்டார். அதுக்கு நான் பொறுப்பு!”

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“போன மாசம் மருந்தை ஊசியில எடுத்து வச்சதுக்கே எனக்கு மெமோ குடுத்தீங்களே, டாக்டர்!”

அந்த ஆஸ்பத்திரியின் ஒரே மயக்க டாக்டர், நன்றாக இருந்த இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார்.