முதல் தோள்

பெட்டியின் முன்பக்கம், வலது மூலை. அங்கேதான் கிறிஸ்டோபர் போய் நின்றான்.

சூசையப்பர் சபையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு அந்த இடம்தான். பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களில் யார் இறந்தாலும் சபையின் ஆண்கள் நீலப் பட்டை அணிந்து வந்து, பெட்டியைத் தோளில் சுமந்து கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். முதல் சேவையில் புதியவனை முன்னால் நிறுத்துவார்கள். இவன் இனி எங்களில் ஒருவன் என்று ஊருக்குச் சொல்லும் வழக்கம் அது.

போன ஞாயிறுதான் அவனுக்குப் பட்டை போட்டார்கள். அவன் மனைவி கிரேஸ் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வைத்து, யார் யார் பார்த்தார்கள் என்று தூங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சேவையே இப்படி அமையும் என்று அவன் நினைக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது சலேத்தம்மா, அவன் நண்பன் விமல்ராஜின் அம்மா. பட்டுக்கடை ஏசியைக் கழற்றி மாட்டிய அழுக்கோடு போய் நின்றாலும், "சாப்டியாபா?" என்று கேட்காமல் அவனை அனுப்பியதில்லை.

அவனைச் சபைக்கு முன்மொழிந்தவனும் விமல்ராஜ்தான்.

முன்மொழிவதற்கு ஒரு முறை உண்டு. முன்மொழிகிறவன் எல்லார் முன்னும் எழுந்து, வருகிறவனிடம் உள்ள நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். வருகிறவன் அப்போது வெளியே நிற்க வேண்டும். உள்ளே என்ன சொன்னார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடுமாம்.

சொல்லாமலே ஏறத்தான் செய்தது. அன்று கோயில் வாசலில் நின்றபடி கிறிஸ்டோபர் ஊகித்துப் பார்த்தான். பாலாறு பெருகி வந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் கிழவர்களைத் தூக்கி வந்ததைச் சொல்லியிருப்பானோ? முதியோர் இல்லத்தில் மின்விசிறி நின்றால் முதலில் ஓடுவதைச் சொல்லியிருப்பானோ? உள்ளே கைதட்டல் கேட்டபோது அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது சபைத் தலைவர் ஞானப்பிரகாசம் சார் பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்.

"கிறிஸ்டோபர், நீ முன்னாடியே கல்லறைக்குப் போய்டுபா. குழி இன்னும் ஆவல. கடப்பாரை, மம்முட்டி எல்லாம் அங்கயே இருக்குது."

குழி வெட்டுகிற பழனி, மகனுக்கு வேலை கிடைத்ததென்று அவனோடு ஒரகடத்துக்கே போய்விட்டார். வேறு ஆள் பிடித்திருப்பார்கள், கூட நின்று பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆளுங்க வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டான் கிறிஸ்டோபர்.

சார் வாஞ்சையாகச் சிரித்தார்.

"ஆள் எதுக்குபா? முசரவாக்கத்துல உங்க தாத்தா வெட்டுனா குழி அவ்ளோ நேர்த்தியா இருக்குமாமே! அன்னிக்கு உன்னப் பத்தி விமல் அதத்தான் சொன்னான். பழனி போனதுல இருந்து நாங்க தவிச்சிக்கினு இருந்தோம். ஆண்டவரே உன்னக் காட்டிட்டாரு."

கைதட்டல் இதற்குத்தான்.

முசரவாக்கத்தில் சாவு விழுந்தால் குழி வெட்ட வேண்டியது கிறிஸ்டோபரின் தெருக்காரர்கள்தான். ஏன் என்று கேட்டால் பரம்பரை என்பார்கள். அந்தப் பரம்பரை தன் அப்பாவோடு போகட்டும் என்றுதான் கிறிஸ்டோபரின் அப்பா வீராசாமி ஊரை விட்டு வந்து, மகனை ஐடிஐ படிக்க வைத்தார். கிறிஸ்டோபர் மண்வெட்டியைத் தொட்டதில்லை. இந்தக் கதையை டவுனில் யாரிடமும் சொன்னதும் இல்லை, ஒருவனைத் தவிர. ஓரிக்கைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவனிடம் மட்டும் சொன்னான். அன்று விமல்ராஜும் கண் கலங்கினான்.

கிறிஸ்டோபர் திரும்பினான். இடது மூலையில் நின்ற விமல்ராஜ், அழுது வீங்கிய முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பெட்டி மேலிருந்த மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். மாலை சரியாகத்தான் இருந்தது.

பாவி, நேராக வந்து கேட்டிருக்கக் கூடாதா! அம்மாவுக்காக என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கடப்பாரை பிடிக்கத் தெரியாத இந்தக் கையாலேயே தோண்டியிருப்பானே. நகம் பெயர்ந்தாலும் தோண்டியிருப்பான். அம்மா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நாளிலேயே, ஊர்ச் சாவுக்கெல்லாம் இதோ ஆள் என்று நண்பனைத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

கிறிஸ்டோபர் போனை எடுத்தான். ஜேசிபி ஓட்டும் தினகரனைக் கூப்பிட்டு, கல்லறைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னான்.

"ஃபாதர் மந்திரிச்ச மண்ணுபா அது! அதுல போய் மிஷினா?" என்று பதறினார் சார்.

"நான் ஏசி மெக்கானிக் சார். எனக்கு மிஷின்தான் தெரியும்."

சொல்லிவிட்டு அதே மூலையில் நின்றான். சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்வெட்டியை எடுக்கிறேன் என்று ஒரு நீலப் பட்டையும் அசையவில்லை.

குழி தயார் என்று தினகரனிடமிருந்து தகவல் வந்த பிறகு கோயில் மணி அடித்தது. பெட்டி தோளுக்கு ஏறியது. சலேத்தம்மா கனக்கவே இல்லை.

பெட்டி ஆடாமலிருக்க, முன்னால் சுமக்கும் இருவரும் அதன் அடியில் ஒருவர் தோளை ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். விமல்ராஜின் கை வந்து கிறிஸ்டோபரின் தோளைப் பற்றியது.

கிறிஸ்டோபர் அதைத் தட்டிவிடவில்லை. அவனுடைய கை மட்டும், கல்லறை வரைக்கும், சும்மா தொங்கிக்கொண்டே வந்தது.