தாய்வீடு போன புள்ளி

எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு மார்பகப் புற்றுநோய் என்று செல்போன் வரைபடத்தில் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் ஜனங்கள் வீடு பிடிக்கிறார்கள். திண்டுக்கல்லில் அருள்தாஸ் குடியிருக்கும் தெரு முழுப் பச்சை. பேருக்குக்கூட ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது.

அவர் மனைவி ஃபிலோமினா கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தெருவில்தான் வாழ்ந்தாள். மார்பில் கட்டி என்று தெரிந்ததும், பிரசவத்துக்கு அழைத்துப்போவதுபோல அவள் அம்மா வந்து மணப்பாறைக்கு அழைத்துப் போய்விட்டாள். வைத்தியம் அங்கே, ஆஸ்பத்திரியில் கொடுத்த விலாசமும் அங்கே, அடக்கமும் அங்கேயே. அவளுக்கான புள்ளியும் தாய்வீட்டுத் தெருவிலேயே தங்கிவிட்டது.

தினமும் எழுந்தவுடன் அருள்தாஸ் மணப்பாறையைப் பெரிதாக்கி அந்தச் சிவப்பைப் பார்ப்பார். தன் தெருப் பக்கமாக விரலால் இழுத்தும் பார்ப்பார். ஊரே நகரும்; புள்ளி மட்டும் அந்தத் தெருவைவிட்டு வராது.

அன்று எதிர்வீட்டுக்குக் குடிவந்த பெண், பால் காய்ச்சிய கையோடு அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள்.

"மேப்ல பாத்துட்டுத்தான் அங்கிள் இங்க வந்தோம். இந்தத் தெருவுல ஒருத்தர்கூட இல்லையாமே?"

டம்ளர் சுட்டது. அவர் கீழே வைக்கவில்லை.

"இருந்தாம்மா," என்றார் அருள்தாஸ். "இந்த வீட்டுலதான் இருந்தா."