இரண்டாம் மணி

“இடமில்ல. இனி ஒரு தட்டுக்கும் இடமில்ல,” என்று இப்றாஹிம் முதலாளி கையை விரித்தபோதுதான், வாசலில் அந்த ஆள் குடையை மடக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, கக்கத்தில் தோல் பை. கையில் கேக் தட்டில்லை. நத்தாருக்கு முந்திய நாள் பின்னேரம், கல்முனைப் பேக்கரி ஒன்றுக்குள் கேக் தட்டில்லாமல் நுழைகிறவன் ஒன்றில் கள்ளன், இல்லாவிட்டால் அதிகாரி. கள்ளன் குடை கொண்டுவர மாட்டான்.

போன மாதம் வந்த சுகாதாரப் பரிசோதகர் சுவரிலிருந்த கரியைச் சுரண்டிப் பார்த்து, “வெள்ளையடிக்காட்டி அடுத்த முறை பேக்கரிய இழுத்துப் பூட்டுவன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மாற்றலாகி, அவரைவிடக் கடுமையான ஒருவர் வரப்போவதாகவும் கடைத்தெருவில் கதை. சுண்ணாம்பு வாங்கியாயிற்று. மழைதான் விடவில்லை.

உள்ளே ஊரிலுள்ள கிறிஸ்தவ வேதக்காரர் அத்தனை பேரும் நின்றார்கள். வீட்டில் கலக்கிய நத்தார்க் கேக்கைப் பேக்கரிப் போறணை அடுப்பில் கொடுத்துச் சுட்டெடுப்பது வழக்கம். தட்டு மாறாமலிருக்க ஒவ்வொரு வீட்டாரும் தட்டில் ஆணியால் ஓர் அடையாளம் கீறிக் கொடுத்திருந்தார்கள். நன்றாக யோசித்து, ஒருவருக்கும் சொல்லாமல், எல்லோரும் சிலுவையையே கீறியிருந்தார்கள்.

“சிலுவை போட்டது எங்கட தட்டு, காக்கா,” என்றாள் றோசலின் டீச்சர்.

“போறணைக்குள்ள கிடக்கிறது முழுக்கச் சிலுவைதான் டீச்சர். உங்கடது எந்தச் சிலுவை?”

“முந்திரிப்பருப்புக் கூடப் போட்ட சிலுவை.”

“அது வெட்டித் திண்டு பாத்தாத்தானே தெரியும்,” என்றார், இடம் கிடைக்காத இன்னொரு தட்டைக் கையில் வைத்திருந்த வேதக்கோயில் செயலாளர் அழகரெத்தினம் மாஸ்டர். “கெதியாத் தாங்க முதலாளி. கோயில்ல முதல் மணியும் அடிச்சாச்சு.”

“ரெண்டாம் மணி அடிக்கட்டுமே மாஸ்டர், போவம். இப்ப உட்டுட்டுப் போனா எங்கட கேக்க ஆர் தின்னுவாங்களோ,” என்றாள் டீச்சர்.

அந்த ஆள் கரி பிடித்த சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்.

இப்றாஹிம் தன் கதிரையைச் சாரத் தலைப்பால் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டார். “இரிங்க சேர். மசூர், சேருக்கு இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ.”

“இருக்க நேரமில்ல. இந்த இடத்தில எத்தன பேர் நிக்கலாம்?”

பொறி எங்கே வைக்கப்படுகிறது என்று இப்றாஹிமுக்கு விளங்கியது. “அஞ்சாறு பேருக்கு மேல நிக்க உடமாட்டன் சேர்.”

அவருக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையும் சனம் இடித்துக்கொண்டு நின்றது. “கால மிதிக்காதீங்க” என்று ஒரு குரலும் கேட்டது.

“அப்ப இவங்க?”

“இவங்க மழைக்கு ஒதுங்கினவங்க.”

அந்த நேரம் பார்த்துக் குணம், தலையில் கேக் தட்டோடு ஓடி வந்தான். அந்த ஆளைக் கண்டதும் முகம் வெளிறி, சட்டென்று மாமூட்டைகளுக்குப் பின்னால் குந்திவிட்டான். இப்றாஹிமுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. குணம் பட்டின சபையில் பியோன். எந்த அதிகாரிக்கு எப்போது ஒளிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

“சேர்,” இப்றாஹிமின் குரல் இறங்கிவிட்டது. “சுண்ணாம்பு வாங்கி வெச்சிரிக்கன். ஒள்ளுப்பம் வெயில் எறிச்சாப் போதும், அடிச்சிருவன். இண்டைக்குப் பூட்டினா இந்தச் சனம் என்ன உசிரோட உடாது. இவங்கட நத்தார் முழுக்க இந்தப் போறணைக்குள்ளதான் கிடக்கு.”

“அதத்தான் நானும் பாத்தன்,” என்றார் அந்த ஆள். பையின் வாரை அவிழ்த்தார்.

இப்றாஹிம் பூட்டை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து றோசலின் டீச்சர் கேட்டது காதில் விழுந்தது: “என்ன மாஸ்டர், ரெண்டாம் மணி இன்னும் அடிக்கல்ல?”

“குணம்,” என்றார் அந்த ஆள், தலையைத் திருப்பாமல். “மூட்டைக்குப் பின்னால குந்தினது போதும். எழும்பி வாங்க.”

குணம் தலையில் தட்டோடு எழும்பினான். “இத வெச்சிட்டு, ஓடிப் போய் ரெண்டாம் மணிய அடிக்கத்தான் ஐயா…”

சனம் முழுக்க அந்த ஆளின் பக்கம் திரும்பியது. இப்றாஹிம் கண்ணைத் திறந்தார். பையிலிருந்து பூட்டு வரவில்லை. மடித்து வைத்த வெள்ளை அங்கி ஒன்று வந்தது. அதற்குள் சுற்றியிருந்த கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்றும் வந்தது.

“போன கிழமதான் மாறி வந்தன்,” என்றார் அவர், அங்கியை உதறிக்கொண்டு. “ஞாயிற்றுக்கிழம வெள்ளமெண்டு ஒருத்தரும் வரல்ல. இண்டைக்கு வெள்ளமில்ல. ஆனா கோயில்ல மெழுகுதிரி மட்டும்தான் நிக்குது.”

அழகரெத்தினம் மாஸ்டர் தன் கேக் தட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

புதுப் போதகர் அவரைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து வந்தவருக்கெல்லாம் கையை விரித்த இப்றாஹிமைத்தான் பார்த்தார்.

“பாலன் பிறப்பு ஆராதனை, முதலாளி. இங்க இடமிருக்கா?”